காம்பி பாய்லரா, தொட்டியா? பாய்லரை மாற்றும் முன் ரேடியேட்டரைப் பாருங்கள்

குளிர் நாட்டு வீடுகளில் அறைகளையும் குழாய்த் தண்ணீரையும் சூடாக்குவது பாய்லர். பழைய பாய்லர் பெரும்பாலும் கடும் குளிரில்தான் உயிரை விடும். கோடை முழுக்கச் சும்மா இருந்துவிட்டு, உழைக்க வேண்டிய வாரத்தில் படுத்துக்கொள்ளும். வீடு ஜில்லென்று கிடக்கும்போது, பார்க்க வந்த மெக்கானிக் "காம்பி போட்டுவிடலாமா, இல்லை இப்போது இருப்பது போலத் தொட்டியோடே வைத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்பார். காம்பி என்பது குழாயைத் திறந்தபோது மட்டும் தண்ணீரைச் சுடவைக்கும் பாய்லர்; தொட்டி என்பது வெந்நீரைச் சேர்த்துவைப்பது. போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறவருக்கு யோசிக்கவா தோன்றும்? "எது சீக்கிரம் வருமோ அதையே போடுங்கள்" என்றுதான் வாயில் வரும். பிறகு பத்துப் பதினைந்து ஆண்டுகள் அந்தப் பதிலோடு குடித்தனம் நடத்த வேண்டும்.

நானும் அப்படித்தான் பதில் சொன்னேன். ஒரே குளியலறை இருந்தவரை குறை தெரியவில்லை. இரண்டாவது குளியலறை வந்த பிறகு, கீழே யாராவது பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தால் மாடியிலிருந்து ஓர் அலறல் கேட்கும். அந்த அலறலுக்குக் காரணம் தேடப்போய்த்தான் இதையெல்லாம் தெரிந்துகொண்டேன்.

சுற்றி வரும் தண்ணீர்

பாய்லர் என்று பெயர் இருந்தாலும் அது தண்ணீரைக் கொதிக்கவைப்பதில்லை. கொதித்தால் கோளாறு என்று பொருள். உள்ளே ஒரு பர்னரில் வாயுவோ எண்ணெயோ எரிகிறது. அந்தச் சூட்டை வெப்பமாற்றி என்ற உலோகப் பகுதி வாங்கி, தனக்குள் ஓடும் தண்ணீருக்குக் கொடுக்கிறது. வழக்கமான அமைப்பில் தண்ணீர் 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். பம்ப் அதை ஒரு பைப் வழியாக, அறைச் சுவர்களில் மாட்டியிருக்கும் ரேடியேட்டர் என்ற சூடேற்றிகளுக்குத் தள்ளுகிறது. அங்கே சூட்டை இறக்கிவைத்துவிட்டு, 10 அல்லது 20 டிகிரி குறைந்து, இன்னொரு பைப் வழியாகத் திரும்பி வருகிறது. மறுபடி சூடு, மறுபடி சுற்று. குளிக்கிற தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ரேடியேட்டருக்குள் இருப்பது வருடக்கணக்காகச் சுற்றிக் கறுத்துப்போன அதே தண்ணீர்தான்.

சூடானால் தண்ணீர் விரியும். 100 லிட்டர் தண்ணீரை 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஏறக்குறைய 3 லிட்டர் கூடும். அந்த 3 லிட்டர் எங்கேயாவது போயாக வேண்டுமே! பழைய வீடுகளில் கூரைக்கு அடியில் ஒரு சின்னத் தொட்டி வைத்து, அங்கே ஏறிக்கொள்ள விட்டார்கள். இது திறந்த அமைப்பு. இப்போதைய பாய்லர்களில் நடுவே ரப்பர் தடுப்புள்ள ஓர் இரும்புக் கலம் இருக்கும். தண்ணீர் விரியும்போது மறுபக்கத்துக் காற்று அமுங்கி இடம் கொடுக்கும். இது மூடிய அமைப்பு. ஆறிய நிலையில் பாய்லரின் அழுத்த மீட்டர் 1 முதல் 1.5 பார் வரை காட்டும். 3 பாரைத் தொட்டால் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே விட்டுவிடும்.

கடையில் இருக்கும் மூன்று வகைகளையும் இதையும் சுடுநீர் கிடைக்கும் விதத்தையும் வைத்தே பிரித்துவிடலாம். கூரைத் தொட்டியும் தனிச் சுடுநீர்த் தொட்டியும் உள்ள பழைய வகை ஒன்று. பம்பையும் விரிவுக் கலத்தையும் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, சுடுநீரை மட்டும் வெளித் தொட்டியில் சேர்க்கும் சிஸ்டம் பாய்லர் இரண்டாவது. தொட்டியே இல்லாமல், குழாயைத் திறந்தபோது மட்டும் தண்ணீரைச் சுடவைக்கும் காம்பி மூன்றாவது. சுடுநீர்த் தொட்டியைச் சிலிண்டர் என்றும் சொல்வார்கள். காஸ் சிலிண்டரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பதால் தொட்டி என்றே எழுதுகிறேன்.

கவனித்தீர்களா, ரேடியேட்டரைப் பொறுத்தவரை மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. வித்தியாசம் பெரும்பாலும் குழாய்த் தண்ணீரில். அறை சூடாகவில்லை என்று பாய்லர் வகையை மாற்றுகிறவர் தலைவலிக்குச் செருப்பை மாற்றுகிறார்.

காம்பியின் கணக்கு

காம்பிக்குள் ஒரு திசைமாற்று வால்வு இருக்கிறது. சுடுநீர்க் குழாயைத் திறந்தவுடன் அது திரும்பி, ரேடியேட்டருக்குப் போகிற சூட்டை எல்லாம் ஒரு சின்னத் தகட்டு வெப்பமாற்றிக்கு அனுப்பும். குழாயை மூடும்வரை ரேடியேட்டர்கள் காத்திருக்கும். பத்து நிமிடக் குளியலில் வீடு ஆறிவிடாது, அதனால் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சிக்கல் வேறு இடத்தில். ஓடுகிற தண்ணீரை ஓடும் நேரத்திலேயே சூடாக்க ஏராளமான சக்தி வேண்டும். குளிர்காலத்தில் தெருவிலிருந்து வரும் தண்ணீர் 5 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஷவருக்கு 40 டிகிரி வேண்டும், அதாவது 35 டிகிரி ஏற்ற வேண்டும். 24 கிலோவாட் காம்பி நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 10 லிட்டரை இப்படி ஏற்றும். 35 கிலோவாட் என்றால் 14 லிட்டர். நல்ல ஷவர் ஒன்றே நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் குடிக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் குளித்தால் என்ன ஆகும் என்பதை இனி நீங்களே போட்டுக்கொள்ளலாம். மாடி அலறலின் மர்மம் இவ்வளவுதான்.

விளம்பரத் தாளில் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கை எத்தனை டிகிரி உயர்வுக்குச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 30 டிகிரிக்கும் 35 டிகிரிக்கும் எண் மாறும். அதையும்விட முக்கியம், வீட்டுக்குள் வருகிற தண்ணீரே போதுமா என்பது. ஒரு வாளியை எடுத்து, வீட்டுக்குள் முதலில் தண்ணீர் வரும் குளிர்நீர்க் குழாயை முழுக்கத் திறந்து, ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் நிரம்புகிறது என்று அளந்துவிடுங்கள். 9 லிட்டர்தான் வருகிறது என்றால் 35 கிலோவாட் காம்பி வாங்கியும் 9 லிட்டர்தான். இந்த வாளிச் சோதனையைச் செய்யாமல் காம்பியை விற்கிறவர் அவசரப்படுகிறார் என்று அர்த்தம்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. காம்பியின் பெரிய எண் குழாய்க்காக. நன்றாகக் குளிர் தடுப்பு செய்த நடுத்தர வீடு ஒன்றைச் சூடாக வைக்கக் கடும் குளிர் நாளிலும் 5 முதல் 8 கிலோவாட் போதும். மிதமான நாளில் அதில் பாதிகூடத் தேவைப்படாது. 30 கிலோவாட் காம்பி தன் சுடரை எவ்வளவு தணித்துக்கொள்ள முடியும்? 3 கிலோவாட் வரை இறங்கும் மாடல்கள் உண்டு, 6 அல்லது 7 கிலோவாட்டோடு நின்றுவிடுபவையும் உண்டு. இறங்க முடியாத பாய்லர் எரிவதும் அணைவதுமாகத் தடுமாறிக்கொண்டே இருக்கும். எரிபொருளும் வீண், பாகங்களும் சீக்கிரம் தேயும். எல்லோரும் அதிகபட்ச எண்ணைக் கேட்கிறார்கள். நான் கேட்பது குறைந்தபட்ச எண்ணை.

இத்தனையும் சொன்னாலும் காம்பியைக் குறைத்துப் பேச மனம் இல்லை. ஒரு குளியலறை, இரண்டு மூன்று பேர், இடம் குறைவு என்ற வீட்டில் அதற்கு நிகரில்லை. தொட்டிக்கு அலமாரி தேவையில்லை. சேமித்து வைத்த வெந்நீர் வீணாக ஆறுவதும் இல்லை. எவ்வளவு நேரம் குளித்தாலும் தீர்ந்துபோகாது.

தொட்டி எப்போது ஜெயிக்கிறது

60 டிகிரியில் 200 லிட்டர் வைத்திருக்கும் தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதை 10 டிகிரித் தண்ணீரோடு கலந்தால் 40 டிகிரியில் ஏறக்குறைய 330 லிட்டர் கிடைக்கும். அடுத்தடுத்து இரண்டு பேர் குளியல் தொட்டியை நிரப்பிக்கொள்ளலாம். இரண்டு ஷவர்கள் ஒன்றாக ஓடலாம். முழுக்கக் காலியான பிறகு மறுபடி சூடாக்க 11.6 கிலோவாட் மணி தேவை. தொட்டிக்குள் பாய்லரின் சூடான தண்ணீர் ஓடும் பைப் சுருள் 20 கிலோவாட் சூட்டை உள்வாங்கினால் 35 நிமிட வேலை.

நஷ்டமும் உண்டு. நல்ல உறை போட்ட தொட்டியே சும்மா நிற்கும்போது நாளுக்கு 1 முதல் 2 கிலோவாட் மணி வரை சூட்டை இழக்கும். ஓர் அலமாரி அளவு இடத்தையும் விழுங்கும். 60 டிகிரிக்குக் கீழே வைத்து மிச்சம் பிடிக்கலாமே என்றால், வெதுவெதுப்பான தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும், நுரையீரலைத் தாக்கும். ஆகவே தொட்டியில் 60, குழாயில் குளிர்நீரைக் கலந்து தரும் வால்வு என்று வைப்பதுதான் முறை.

தொட்டிக்கு மூன்று சாதகங்கள் இருக்கின்றன. உள்ளே மின்கம்பிச் சுருள் ஒன்று இருந்தால் பாய்லர் செத்த வாரத்திலும் வெந்நீர் உண்டு. கூரையில் சோலார் போட்டால் அந்தச் சூட்டைச் சேர்த்துவைக்க இடம் தயார். மூன்றாவது, பிற்காலத்தில் ஹீட் பம்புக்கு (வெளிக்காற்றின் சூட்டை மின்சாரத்தால் உள்ளே கொண்டுவரும் கருவி, பிறகு சொல்கிறேன்) மாற நினைத்தால் அதற்குப் பெரும்பாலும் தொட்டி வேண்டும். தொட்டியைக் கழற்றி எறிந்து அந்த அலமாரியில் துணி அடுக்கிவிட்ட பிறகு இடம் தேடுவது பெரும்பாடு. இரண்டு குளியலறை உள்ள வீட்டில், தொட்டி ஏற்கெனவே நிற்கிறது, நல்ல நிலையில் இருக்கிறது என்றால் அதை எடுக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

பழைய திறந்த அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அதில் குளிக்கிற தண்ணீரும் கூரையில் உள்ள வேறொரு தொட்டியிலிருந்து வெறும் உயரத்தால் இறங்குவது என்பதால் மாடி ஷவரில் பிசுபிசுவென்றுதான் வரும். காற்றோடு தொடர்பு இருப்பதால் துருவும் கூடுதல். ஆனால் மிகப் பழைய பைப்புகளும் ரேடியேட்டர்களும் மூடிய அமைப்பின் அழுத்தத்தைத் தாங்காமல் இணைப்புகளில் ஒழுகலாம். அப்படிப்பட்ட வீட்டில் பைப் வேலை முழுவதும் செய்யும்வரை பழையதையே ஓட்டுவது புத்திசாலித்தனம்.

உண்மையில் அறையைச் சூடாக்குவது யார்

ரேடியேட்டர் என்றால் சூட்டைக் கதிராக வீசுவது என்று அர்த்தம். ஆனால் நாம் சுவரில் மாட்டுகிற தகட்டு ரேடியேட்டர் பெரும்பங்கு வேலையைக் காற்றை வைத்துத்தான் செய்கிறது. தகட்டுக்குப் பின்னால் மடிப்பு மடிப்பாக இருக்கும் துடுப்புகளுக்குள் குளிர்ந்த காற்று கீழே நுழைந்து, சூடாகி, மேலே கிளம்பும். அது போகிற வழியில் சோபாவைப் போட்டாலோ, நீளத் திரையைத் தொங்கவிட்டாலோ பாதி வேலை அங்கேயே போச்சு.

தகடு ஒன்று, துடுப்பு ஒன்று என்றால் 11 வகை. இரண்டும் இரண்டும் என்றால் 22 வகை. அதே நீளம், அதே உயரத்தில் 22 வகை ஒன்றே முக்கால் மடங்கு போலச் சூடு தரும். சுவரில் கொஞ்சம் கூடுதலாகத் துருத்திக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான்.

ரேடியேட்டரின் வாட் எண்ணை எதற்குக் கொடுக்கிறார்கள் தெரியுமா? தண்ணீர் 75 டிகிரியில் போய் 65 டிகிரியில் திரும்ப, அறை 20 டிகிரியில் இருக்கும்போது. தண்ணீரின் சராசரி 70, அறையைவிட 50 டிகிரி கூடுதல். அந்த வித்தியாசத்தை 30 டிகிரியாகக் குறைத்தால், ரேடியேட்டர் தருவது ஏறக்குறைய பாதி. 1000 வாட் என்று வாங்கியது 515 வாட்டாக நிற்கும்.

அப்படியானால் 75இலேயே ஓட்டலாமே என்று தோன்றும். அங்கேதான் பலருடைய எரிபொருள் புகையோடு போகிறது. வாயு எரியும்போது நீராவி உண்டாகும். 1 கன மீட்டர் இயற்கை வாயு எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் மேல் தண்ணீர், ஆவியாக. அந்த ஆவிக்குள் எரிபொருளின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு ஒளிந்திருக்கிறது. திரும்பி வரும் தண்ணீர் போதுமான அளவு குளிர்ந்திருந்தால் ஆவி வெப்பமாற்றியில் பட்டுத் தண்ணீராகி, அந்தச் சூட்டை விட்டுக்கொடுத்துவிடும். எல்லை கிட்டத்தட்ட 55 டிகிரி. திரும்பும் தண்ணீர் அதற்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு லாபம். இப்போதைய பாய்லர்கள் பெரும்பாலும் இப்படி ஆவியைக் குளிர்வித்துச் சூட்டை மீட்கும் வகைதான். ஆனால் 80இல் அனுப்பி 60இல் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தால் அந்தத் திறமை பெட்டிக்குள்ளேயே தூங்கும். பாய்லருக்கு அடியில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பைப் இருக்கும். கடும் குளிரில் அதிலிருந்து தண்ணீர் சொட்டாமல் இருந்தால் ஆவி அப்படியே வெளியே போகிறது என்று கண்டுகொள்ளலாம். (அந்தப் பைப் வீட்டுக்கு வெளியே ஓடினால் உறைபனியில் அடைத்துக்கொண்டு பாய்லரையே நிறுத்திவிடும். அடைத்துக்கொண்டால் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினால் போதும்.)

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தண்ணீரின் சூடு குறைந்தால் பாய்லருக்கு நல்லது, ஆனால் ரேடியேட்டரின் சக்தி குறையும். இதைச் சரிக்கட்ட ஒரே வழி, பெரிய ரேடியேட்டர். ஆகவே கையில் ஒரு தொகை இருந்து, மிக உயர்ந்த ரக பாய்லரா, நடுத்தர பாய்லரும் இரண்டு மூன்று பெரிய ரேடியேட்டர்களுமா என்று கேட்டால், நான் இரண்டாவதையே எடுப்பேன். பாய்லர் பதினைந்து வருடத்தில் போய்விடும். ரேடியேட்டரைச் சுத்தமாக வைத்திருந்தால் அதைவிட நெடுநாள் உழைக்கும்.

தரைக்கடிச் சூடும் ஹீட் பம்பும்

ரேடியேட்டரே வேண்டாம், தரைக்கு அடியில் பைப் ஓடட்டும் என்பது இன்னொரு யோசனை. தரை முழுவதும் சூடு கொடுப்பதால் 35 முதல் 45 டிகிரித் தண்ணீரே போதும். காலுக்கு இதம், சுவரும் காலி. ஆனால் கான்கிரீட் தரை சூடாக மணிக்கணக்காகும், ஆறவும் அப்படியே. காலையில் எல்லோரும் கிளம்பிப் போய் ராத்திரி வந்து சேர்கிற வீட்டுக்கு இது ஒத்துவராது. எப்போதும் ஆள் இருக்கிற வீட்டுக்குப் பொருந்தும். புது வீடு கட்டும்போது போடுவது சுலபம், குடியிருக்கிற வீட்டில் தரையைப் பெயர்ப்பது சுலபமில்லை. பாதிப் பேருக்கு இந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதும்.

ஹீட் பம்ப் எதையும் எரிப்பதில்லை. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை மின்சாரத்தால் இறைத்து உள்ளே கொண்டுவருகிறது. குறைந்த சூட்டில் ஓடும்போது 1 யூனிட் மின்சாரத்துக்கு 3 யூனிட் சூடோ அதற்கு மேலோ தரும். தண்ணீரை எவ்வளவு உயரத்துக்குச் சூடாக்கச் சொல்கிறோமோ அவ்வளவு அந்த விகிதம் சரியும். 70 டிகிரி கேட்டால் அதற்கு மூச்சு வாங்கும். ஆக, அதற்கும் வேண்டியது பெரிய ரேடியேட்டரும் ஒரு தொட்டியும். இந்த முறை பாய்லரே போதும் என்று முடிவு செய்தாலும், ரேடியேட்டருக்குச் செலவழித்தது அடுத்த முறை கைகொடுக்கும்.

சின்ன விஷயங்கள், பெரிய தொல்லைகள்

எந்த வகையை எடுத்தாலும் பழைய அழுக்கின் மேல் புது பாய்லரை மாட்டாதீர்கள். ரேடியேட்டர் இரும்பு உள்ளுக்குள் அரித்துக் கறுப்புச் சேறாகும். அது புது வெப்பமாற்றியின் மெல்லிய வழிகளை அடைத்துவிடும். அமைப்பை அலசி, துரு தடுக்கும் மருந்து கலந்து, காந்த வடிகட்டி ஒன்றும் போடச் சொல்லுங்கள். ரேடியேட்டரின் மேல்பகுதி குளிர்ந்திருந்தால் காற்று அடைத்திருக்கிறது, மூலையில் உள்ள சாவித் துளையைத் திறந்து காற்றை வெளியே விடலாம். அடிப்பகுதி குளிர்ந்திருந்தால் சேறு. அழுத்தம் அடிக்கடி இறங்குகிறது என்று வாரம் ஒருமுறை தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. புதுத் தண்ணீர் புது ஆக்சிஜனைக் கொண்டுவரும், அது புதுத் துருவைக் கொண்டுவரும்.

ரேடியேட்டரின் ஒரு முனையில் எண் போட்ட திருகு இருக்கிறதே, அதன் தலைக்குள் மெழுகோ திரவமோ இருக்கும். அறை சூடானால் அது விரிந்து வால்வை மூடும். 5இல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகாது, கூடுதலாகத்தான் சூடாகும். சுவர்த் தெர்மோஸ்டாட் இருக்கும் அறையில் மட்டும் இந்தத் திருகை முழுக்கத் திறந்தே வையுங்கள். ஓர் அறைக்கு இரண்டு எஜமானர்கள் இருந்தால், திருகு முதலில் மூடிவிடும், தெர்மோஸ்டாட் அறை குளிர்கிறதே என்று பாய்லரை எரித்துக்கொண்டே இருக்கும்.

எரிபொருள் சரியாக எரியாவிட்டால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எரிபொருள் எரிகிற வீட்டில் அதற்கான அலாரம் கட்டாயம் வேண்டும். பாய்லரின் மூடியைத் திறக்கும் வேலை அதற்குத் தகுதி பெற்றவருடையது.

சரி, இப்போது ஓடுகிற பாய்லரை வைத்தே ஒரு சோதனை செய்யலாம். குளிர் உச்சத்தில் இருக்கும் வாரத்தில், ரேடியேட்டருக்கு அனுப்பும் தண்ணீரின் சூட்டை 55 டிகிரிக்கு இறக்குங்கள். காம்பியில் இதற்கும் குழாய்த் தண்ணீருக்கும் தனித்தனிச் சூட்டு அமைப்பு இருக்கும், ரேடியேட்டர் படம் போட்டதை மட்டும் தொடுங்கள். தொட்டி உள்ள வீட்டில் இரண்டுக்கும் ஒரே அமைப்பு என்றால் கவனம் தேவை, 55இல் தொட்டி 60ஐ எட்டாது. சோதனை முடிந்ததும் பழையபடி ஏற்றிவிட வேண்டும். இரண்டு நாள் அப்படியே ஓடட்டும், வீடு மெதுவாகத்தான் சூடேறும். அப்புறம் அறை அறையாகப் போய்ப் பாருங்கள். எல்லாம் 20 டிகிரியில் நின்றால் ரேடியேட்டருக்கு ஒரு வேலையும் இல்லை. எந்த அறை 17இல் நிற்கிறதோ, அங்கே பெரிய ரேடியேட்டர் வேண்டும்; அது மாட்டும் சுவரின் நீளத்தை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக் வரும்போது முதலில் காட்ட வேண்டியது அந்தக் காகிதத்தைத்தான்.